தொண்டைக் கதிர்வீச்சு: எதைச் சாப்பிட்டால் எரியும், எப்படி விழுங்குவது?

கேள்வி: அடுத்த வாரம் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்குகிறது. இப்போது நன்றாகவே சாப்பிட முடிகிறது. முன்கூட்டியே என்ன செய்யலாம்? எரிச்சல் எப்போது வரும்?

பதில் 1: பல் மருத்துவரைப் பார்த்தாயிற்றா? பிடுங்க வேண்டிய பல்லை இப்போதே பிடுங்க வேண்டும். பிறகென்றால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். எரிச்சல் பெரும்பாலும் 2, 3-வது வாரத்தில் வரும். சிகிச்சை முடிந்தும் ஓரிரு வாரம் உச்சத்தில் இருக்கும். அப்போது தக்காளி, எலுமிச்சை, மிளகாய், மொறுமொறுப்பானவை வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீரை ஆறவிட்டு, உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு டீஸ்பூன் கலந்து, தினம் ஐந்தாறு முறை கொப்பளித்துத் துப்புங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் தொடவே கூடாது.

பதில் 2: எடைதான் முக்கியம், வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் சுமார் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பாலில் பால் பவுடர் என்று சேர்த்தால் சிறு கிண்ணத்திலேயே சத்து கூடும். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போடுங்கள். உலோகச் சுவை அடித்தால் பிளாஸ்டிக் ஸ்பூன்.

பதில் 3: குழாய் வழி உணவு வந்தாலும் விழுங்கும் பயிற்சியை நிறுத்தாதீர்கள், தசை இறுகிவிடும். தண்ணீர் குடித்ததும் இருமலோ, குரல் களகளவென்று மாறுவதோ தெரிந்தால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே விழுங்குதல் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். அப்படி உள்ளே போனாலும் சிலருக்கு இருமலே வராது, காய்ச்சல்தான் வரும். சுவை திரும்ப மாதக்கணக்காகும். வாய் வறட்சி நீடிக்கலாம், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு நீர்.