வேரிஃபோக்கல் கண்ணாடிக்கு 420 பவுண்டு கேட்கிறார்கள், என்ன செய்வது?

லெஸ்டர் புதியவர்:
வணக்கம். இங்கிலாந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்றிரவு கண்ணாடி உடைந்துவிட்டது. மதுரையில் வாங்கிய ப்ரோக்ரெசிவ் அது. இங்கே ஒரு கடையில் வேரிஃபோக்கல் என்று ஏதோ சொல்லி 420 பவுண்டு, பத்து நாள் ஆகும் என்றார்கள். முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. கையிலிருந்ததெல்லாம் வீட்டு முன்பணத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அலுவலகத்தில் முக்கியமான பயிற்சி. கான்டாக்ட் லென்ஸ் மலிவாக முடியுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். ஏற்கெனவே சில நாளாகப் பார்வையும் சரியில்லை, தலை வலிக்கிறது.

ஈஸ்ட் ஹாம்:
தம்பி, பயப்படாதீர்கள். நான் 2009 டிசம்பரில் வந்தவன். ஒரு அறையில் நான்கு பேர். வெளியே பனி, பஸ்ஸில் ஏறினால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவும் தெரியாது. துடைப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். இரண்டு முறை அப்படிப் பனியில் திரும்பி நடந்திருக்கிறேன். அப்போது முடிவு செய்தேன், கண்ணாடி என்றால் ஊரில்தான். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு ஜோடி செய்துகொண்டு வருவேன். வீட்டில் சொல்லி அதே கடையில் செய்து கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.

மில்டன் கீன்ஸ்:
அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை. சாதாரணக் கண்ணாடி என்றால் சரி. வேரிஃபோக்கல் என்பது ஊரில் சொல்கிற ப்ரோக்ரெசிவ்தான். அதில் மேலே தூரம், நடுவில் கணினி, கீழே படிப்பு என்று ஒரே கண்ணாடியில் பவர் மாறிக்கொண்டே போகிறது. நாம் ஃப்ரேமை மாட்டி நேரே பார்க்க, எதிரே உட்கார்ந்தவர் கண்மணி எங்கே நிற்கிறது என்று பேனாவால் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தவறினாலே கழுத்தைத் தூக்கித் தூக்கிப் படிக்க வேண்டியிருக்கும். முகம் இல்லாமல் அளவெடுக்க முடியாது. இணையத்தில் வாங்குவதும் அப்படித்தான், வேண்டவே வேண்டாம்.

ஹாரோ:
நான் ஆறு வருடமாக இணையத்தில்தான் வாங்குகிறேன். முதல் ஜோடி உயரம் சரியில்லை. திருப்பி அனுப்பினேன், பணம் வந்தது. அடுத்ததிலிருந்து குறையில்லை. கடைவிலையில் பாதிகூட ஆகவில்லை. ஒன்று மட்டும்: பரிசோதனை முடிந்ததும் பவர் சீட்டைக் கையில் கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமை. அதே கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரம் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சில கடைகள் தரும், சில தராது.

குராய்டன்:
எதற்கு இவ்வளவு? மருந்துக்கடையில் +2 படிப்புக் கண்ணாடி சில பவுண்டுக்குக் கிடைக்கும். நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதானே.

கிளாஸ்கோ:
இங்கிலாந்தில் கண் பரிசோதனைக்கே பணம் கேட்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2006 முதல் எல்லோருக்கும் இலவசம்.

ஈஸ்ட் ஹாம்:
பரிசோதனையை விடுங்கள் சகோதரி. பல் மருத்துவர் கிடைக்கிறாரா பாருங்கள். என் மனைவிக்குப் பல் வலி வந்து எட்டு இடத்தில் கேட்டோம், எட்டு பேரும் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள்.

குராய்டன்:
எங்கள் பகுதியில் டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் செய்தால் வரிசையில் முப்பதாவது ஆள். விசாவோடு சுகாதாரக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை.

டெர்பி:
நான் இங்கே கண்ணாடிக் கடையில் அளவெடுத்துப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். லெஸ்டர் தம்பியிடம் யாரும் கேட்காததைக் கேட்கிறேன். உடைந்தது லென்ஸா, ஃப்ரேமா? வயது என்ன? பவர் பிளஸ்ஸா மைனஸா? சர்க்கரை உண்டா? "சில நாளாகப் பார்வை சரியில்லை" என்றால் எப்படி?

லெஸ்டர் புதியவர்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. லென்ஸ் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வலது காதில் மாட்டும் கம்பி கழன்றுவிட்டது. வயது 47. இரண்டு கண்ணும் −2.50. சீட்டு ஊரில் இருக்கிறது, படிப்பதற்கு எவ்வளவு என்று நினைவில்லை. சர்க்கரைக்கு நான்கு வருடமாக மாத்திரை. கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று பத்து நாளாக ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். பார்வை காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கிறது.

டெர்பி:
இதுதான் தெரிய வேண்டியிருந்தது. தம்பி, இன்று 420 பவுண்டு கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் நீர் கோத்துக்கொள்ளும், பவர் மாறும். இப்போது அளந்து செய்த கண்ணாடி, சர்க்கரை சீரானதும் பொருந்தாமல் போகலாம். முதலில் மாத்திரை. டாக்டரிடம் பதிந்துகொள்ள முகவரிச் சான்றோ விசாத் தாளோ கட்டாயமில்லை, அவை இல்லை என்று சொல்லி அவர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. அதுவரை மாத்திரை போதாது என்றால் மருத்துவ உதவி எண் 111-ஐ அழைத்து உள்ளதைச் சொல்லுங்கள், வழிகாட்டுவார்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இங்கே மருந்துச்சீட்டுக் கட்டணம் இல்லை. அந்த விலக்குக்கு விண்ணப்பிக்க டாக்டரிடம் எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள்.

அடுத்து, சர்க்கரை உள்ளவருக்கு இங்கிலாந்திலும் கண் பரிசோதனை இலவசம். நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கண்ணாடி விலைக்கு உதவி தனி. அது பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்களுக்கு உரியது.

திங்கட்கிழமைக்கு: கம்பி கழன்றதற்குப் பெரும்பாலும் ஒரு சின்ன திருகாணி போதும். அருகிலுள்ள எந்தக் கண்ணாடிக் கடையிலும் கேளுங்கள், பலர் காசு வாங்காமலே போட்டுக் கொடுப்போம். கீல் முறிந்திருந்தால் அதே லென்ஸுக்குப் பொருந்துகிற வேறு ஃப்ரேம் கிடைக்குமா என்று கேளுங்கள். குராய்டன் அண்ணன் சொன்ன +2 உங்களுக்கு ஆகாது. −2.50 கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை 40 சென்டிமீட்டரில் பிடித்தாலே எழுத்து தெளிவாக இருக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் மலிவு என்று நினைக்காதீர்கள். தூரமும் கிட்டமும் சேர்ந்த லென்ஸ் சாதாரண லென்ஸைவிட விலை அதிகம், பொருத்திப் பார்ப்பதும் ஆண்டுப் பரிசோதனையும் வேறு. கண்ணாடிச் சீட்டை வைத்து அதை வாங்கவும் முடியாது, தனிச் சீட்டு வேண்டும். பிறகு எப்போதாவது போட்டால், குழாய்த் தண்ணீர் படவே கூடாது, போட்டபடி குளிக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடிய அமீபாவால் கருவிழியில் தொற்று வந்து பார்வையே கெடலாம். அரிதுதான், ஆனால் மோசமானது.

மில்டன் கீன்ஸ்:
அக்கா, பிறகு வாங்கும்போது குறைந்த விலைக்கு என்ன வழி?

டெர்பி:
பழைய ஃப்ரேமிலேயே புது லென்ஸ் போடச் சொல்லலாம். வேரிஃபோக்கலிலேயே தரம் பல உண்டு. விலை குறைந்ததில் தெளிவான பாதை குறுகலாக இருக்கும், ஓரம் அதிகம் மங்கும். பழகுவதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். படியிறங்கும்போது மோவாயைத் தாழ்த்தி மேல்பாகம் வழியாகப் படியைப் பாருங்கள். பழகாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கணினி என்றால் தூரத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என இரண்டு சாதாரணக் கண்ணாடி பல நேரம் ஒரு வேரிஃபோக்கலைவிட மலிவு, கழுத்துக்கும் நல்லது. வேலையில் வழக்கமாகக் கணினி பார்ப்பவர் கேட்டால் பரிசோதனைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும், 1992 முதல் விதி அது. கணினிக்கென்றே தனிக் கண்ணாடி தேவை என்று பரிசோதகர் எழுதினால் அதற்கும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

லெஸ்டர் தம்பி, பழைய லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு சின்ன வட்டங்கள் பொறித்திருக்கும். காதுப்பக்க வட்டத்துக்குக் கீழே 20 என்றிருந்தால் படிப்புக்காகத் தூரப் பவரோடு கூட்டியிருப்பது +2.00.

லெஸ்டர் புதியவர்:
கடையில் திருகாணி போட்டுவிட்டார்கள் அக்கா, பணம் வாங்கவில்லை. லென்ஸில் 17 என்று தெரிகிறது. 111-இல் பேசிவிட்டேன், மாத்திரைக்கு வழி சொன்னார்கள். வியாழக்கிழமை டாக்டரிடம் பதிவு. சர்க்கரைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கண் சோதனைக்கும் அழைப்பார்கள் என்று கூட வேலை செய்பவர் சொன்னார். அதுவும் இதுவும் ஒன்றா?

டெர்பி:
17 என்றால் +1.75. இல்லை தம்பி, அது வேறு. அது விழித்திரையைப் படம் எடுப்பது, பவர் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் போக வேண்டும். அழைப்பு டாக்டரிடம் பதிந்த பிறகுதான் வரும். கண்ணில் சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது. பஸ்ஸில் போங்கள், கறுப்புக் கண்ணாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாற்போல் தெரிந்தாலோ, திரை இறங்கினாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அழைப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.