நான்கு டயரிலும் ஒரே சமயத்தில் காற்று குறைந்திருக்கிறது, கார் இடப்பக்கம் இழுக்கிறது – டர்பன், ஜோகன்னஸ்பர்க் போய்வந்த பிறகு

சாட்ஸ்வொர்த் ஓட்டுநர்

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதக் கூழ் பூஜைக்காக, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தோம். சின்ன கார், முன்சக்கர இழுவை, டயர் 185/65 ஆர்15. ஐந்து பேர், பின்னால் டிக்கி நிறையப் பாத்திரங்கள்.

விடியற்காலை கிளம்பும்போது பெட்ரோல் நிலையத்தில் பையன் "எவ்வளவு?" என்று கேட்டான். எப்போதும் சொல்வது போல 2 பார் (காற்றழுத்த அளவு) என்றேன். நான்கிலும் 2.0 வைத்தான். என்3 நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் போனதும் லாரியைத் தாண்ட லேன் மாறினால் காரின் பின்பக்கம் ஒரு தரம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். வழியில் ஹாரிஸ்மித்தில் நிறுத்திக் காற்றைப் பார்த்தால் நான்கிலும் 2.5 காட்டியது. டயர் வெடித்துவிடுமோ என்று பயந்து, மறுபடி 2.0-க்கு இறக்கச் சொன்னேன்.

திரும்பி வரும்போது நிலைமை இன்னும் மோசம். ஸ்டீயரிங் கனமாக இருந்தது. வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் வளைவுக்குத் திருப்பினால் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. மறுநாள் காலை வீட்டில் என் சொந்த கேஜால் (காற்றழுத்தமானி) பார்த்தேன். மூன்று டயரில் 1.5-க்கும் 1.6-க்கும் நடுவில், இடது முன் டயரில் 1.2.

ஒரு டயரில் ஆணி ஏறியிருந்தால் புரிகிறது. நான்கிலும் எப்படிக் குறையும்? யாராவது விஷமம் செய்து இறக்கிவிட்டார்களா? அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் நேர் அமைப்பு) போய்விட்டதா? குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டும் கார், அதனால் கேட்கிறேன்.

ஃபீனிக்ஸ் பட்டறை

தம்பி, முதலில் ஒன்று. இடது முன் டயரில் 1.2 இருக்கும்போது அந்தக் காரை எங்கேயும் எடுத்துப் போகாதீர்கள். கையடக்க பம்ப் இருந்தால் வீட்டிலேயே காற்றடித்துவிட்டு, பக்கத்தில் உள்ள டயர் கடைக்கு மெதுவாகப் போங்கள்.

யாரும் இறக்கவில்லை. ஹாரிஸ்மித்தில் இறக்கியதுதான் காரணம். ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், சூட்டில் காற்றழுத்தம் ஏறும். கார் கம்பெனி கதவுத் தூணில் ஸ்டிக்கரில் எழுதும் எண் குளிர்ந்த டயருக்கான எண். மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில், வெயில் படாத டயரில் பார்க்க வேண்டும். சூடான டயரில் அதிகமாகக் காட்டினால் கை வைக்கக் கூடாது. அந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைவால்தான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், அந்த மடிப்பில்தான் கொல்லும் சூடு பிறக்கிறது.

உங்கள் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறது? ஆள் குறைவான எண்ணும் முழுச் சுமை எண்ணும் தனித்தனியாக இருக்கும்.

சாட்ஸ்வொர்த் ஓட்டுநர்

நன்றி அண்ணா. பார்த்தேன். மூன்று பேர் வரை நான்கிலும் 2.2. முழுச் சுமைக்கு முன்னே 2.3, பின்னே 2.7. இத்தனை வருடமும் 2 என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனாலும் கணக்கு இடிக்கிறதே? 2.5-இலிருந்து 2.0 ஆக்கினேன், அரை பார்தான் போனது. அப்படியென்றால் குளிர்ந்த பின் 2.0-இலிருந்து 1.5 ஆவதற்கு அவ்வளவு சூடா இருந்தது?

லெனேசியாக்காரி

அண்ணா, இதில் உயரமும் சேர்ந்திருக்கிறது. நான் மாதம் ஒரு முறை டர்பன் போய்வருபவள், இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தம் இல்லை. உள்ளே இருப்பதற்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். டர்பனில் கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 1.01 பார். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1750 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று 0.83 அளவுதான். ஆகவே டயரைத் தொடாமலேயே மேலே ஏறினால் கேஜ் 0.18 கூடுதலாகக் காட்டும். இறங்கினால் அதே அளவு குறைவாகக் காட்டும்.

சூடு தனிக் கதை. 10 டிகிரி மாறினால் ஏறக்குறைய 0.1 பார் மாறும்.

இப்போது உங்கள் பயணத்தை வைத்துப் பாருங்கள். டர்பன் விடியலில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 2.0 என்றால் உள்ளே மொத்தம் 3.01. ஹாரிஸ்மித்தில் டயர் காற்று 45 டிகிரிக்குச் சூடேறினால் மொத்தம் 3.32. அதுவும் உயரமான ஊர், வெளியே 0.84 தான் இருப்பதால் கேஜ் ஏறக்குறைய 2.5 காட்டும். நீங்கள் சொன்ன எண் அப்படியே வருகிறது. அதில் அரை பார் இறக்கிவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஜூலை விடியலில் 2 டிகிரி இருக்கும். அப்போது பார்த்திருந்தால் 1.6 காட்டியிருக்கும். திரும்ப டர்பனுக்கு இறங்கியதும் 15 டிகிரியில் 1.55. மூன்று டயரில் நீங்கள் கண்டது இதேதான்.

இறக்காமல் விட்டிருந்தால் அந்தக் குளிரிலும் எங்கள் வீட்டு வாசலில் 2.05 காட்டியிருக்கும். குளிர் குறைப்பதை உயரம் ஈடுகட்டிவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் டர்பனிலிருந்து வருபவர்கள் சரியாக வைத்துவிட்டுக் கிளம்பினால் இங்கே ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. மாறாக, இங்கே அதிகாலைக் குளிரில் ஸ்டிக்கர் எண்ணுக்கு வைத்துவிட்டு டர்பன் போனால் அங்கேயும் கிட்டத்தட்ட அதே எண். கோடையில் மட்டும் கொஞ்சம் மாறும்.

உம்லாங்கா பயணி

இவ்வளவு கணக்கு எதற்கு? நான்கிலும் 3.0 போட்டுவிடுங்கள். என் காரில் வருடக்கணக்காக அப்படித்தான். பெட்ரோல் மிச்சம், ஸ்டீயரிங்கும் லேசு.

ஃபீனிக்ஸ் பட்டறை

லேசாக உருளும் என்பது உண்மை. ஆனால் இரண்டு பேர் போகும் சின்னக் காரில் 3.0 போட்டால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் சாலையைப் பிடிக்கும். நடுவில் தேய்ந்து, ஓரம் புதிதாக நிற்கும் டயர்கள் என் பட்டறைக்கு வாரம்தோறும் வருகின்றன. குழியில் விழுந்தால் சக்கரம் துள்ளும், துள்ளும் நேரத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெரிய எண் அந்த டயரின் உச்ச வரம்பு, உங்கள் காருக்கான எண் இல்லை. தயவுசெய்து ஸ்டிக்கரைப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பிக்கு, நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிக்கும் மூன்று இடம். போகும்போது பின்பக்கம் ஆடியது: ஐந்து பேரும் பாத்திரமும் பின் டயரில் உட்கார்ந்திருக்க, 2.7 வேண்டிய இடத்தில் 2.0. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் போய்விடும், பின் டயரின் சுவர் முதலில் சாய்ந்து அப்புறம்தான் காரைத் தள்ளும். இதுதான் எனக்கு மிகவும் பயமான வகை. முன் டயரில் காற்று குறைந்தால் கார் திரும்ப மறுக்கும், அதைக் கை உடனே உணரும். பின் டயரில் குறைந்தால் அவசரத் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிப் போகும்வரை பலருக்குத் தெரியாது.

திரும்பும்போது வளைவில் தாமதித்தது முன் டயர்களும் தளர்ந்ததால். கனமான ஸ்டீயரிங்கும் அதனால்தான், சாலையில் படும் பரப்பு பெரிதாகிவிடுகிறது. இடப்பக்கம் இழுத்தது, இடது முன் டயர் மட்டும் மற்றதைவிடத் தளர்ந்து அந்தப் பக்கம் உருள மறுத்ததால். அங்கே தனியாக ஒரு கசிவு இருக்கிறது. அதுதான் உண்மையான பழுது.

உடனே அலைன்மென்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். காற்றைச் சரி செய்து ஓட்டிப் பாருங்கள். இன்னும் இழுத்தால் முன் சக்கரம் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது ஒட்டிக்கொள்ளும் பிரேக். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய, அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். 1.2-இல் எவ்வளவு தூரம் ஓடியதோ தெரியாது. அந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் தூள் கொட்டினால், சுவரின் உட்புறம் வளையமாகத் தேய்ந்த கோடு இருந்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தூக்கிப் போடுங்கள்.

லெனேசியாக்காரி

அக்டோபரில் மழை தொடங்கிவிடும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேங்கிய நீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் ஒரு சூத்திரம் கொடுத்தது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு அந்த வேகம் கூடும். தேய்ந்த டயர், ஆழமான நீர் என்று வைத்தால் 2.2 பாரில் சுமார் 94 கிலோமீட்டர், 1.65 பாரில் சுமார் 82. காருக்கு இது தோராயம்தான். ஆனாலும் 120 அனுமதிக்கும் சாலையில் 82 என்பது என்னை யோசிக்க வைக்கிறது. நம் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ளம் 1 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும், மழைக்கு அது போதாது. நான் 3-இலேயே மாற்றிவிடுகிறேன்.

சாட்ஸ்வொர்த் ஓட்டுநர்

போய்வந்தேன். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் இடது முன் சக்கரத்தின் வால்வு அடியில் குமிழி வந்தது. ரப்பர் வால்வை வளைத்தால் வெடிப்பு கண்ணுக்கே தெரிகிறது. டயரைக் கழற்றியதும் உள்ளே ஒரு கைப்பிடித் தூள் இருந்தது, அண்ணா சொன்ன வளையக் கோடும் இருந்தது. அந்த டயரை விட்டுவிட்டேன். முன்னே இரண்டும் புதிது போட்டு, நான்கு வால்வையும் மாற்றினேன். பழையதில் நல்லதாக இருந்த ஒன்று வீட்டில் இருக்கிறது.

ஃபீனிக்ஸ் பட்டறை

நல்ல காரியம். புதிய இரண்டையும் பின்னே மாற்றிவிடுங்கள் தம்பி. நல்ல பிடிப்பு பின்னால்தான் இருக்க வேண்டும், முன்பு சொன்ன அதே காரணம்.

சாட்ஸ்வொர்த் ஓட்டுநர்

இன்று மாற்றிவிட்டேன். குளிர்ந்த டயரில் 2.2 வைத்து உம்லாங்கா வரை ஓட்டினேன். ஸ்டீயரிங் திருப்பினதும் கார் திரும்புகிறது. இழுப்பு போய்விட்டது, இடப்பக்கம் சரிந்த சாலையில் மட்டும் கொஞ்சம் சாய்கிறது. ஸ்பேர் சக்கரத்தையும் எடுத்துப் பார்த்தேன், குறுகலான தற்காலிக வகை. அதன் மேல் 4.2 என்று எழுதியிருக்கிறது, கேஜ் 1.9 காட்டியது. அதையும் 4.2-க்கு நிரப்பிவிட்டேன்.