மறுமொழி: ‘ஸ்கேல் லெங்த்’ – ‘அதிர்நீளம்’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

சுருட்டுப்பெட்டி கித்தார் (சுருட்டுப் பெட்டியை உடலாக வைத்து நாமே செய்துகொள்ளும் சில கம்பிக் கித்தார்) பற்றிய நம் மடல் இழையில் கருவியின் பெயருக்கே பத்து மடலுக்கு மேல் ஓடிவிட்டது. என்னைக் கேட்டால் ‘யாழ்’ மட்டும் வேண்டாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். இதிலோ ஒரே கம்பியை இடம் மாற்றி அழுத்திப் பல சுரம் எடுக்கிறோம். வெறும் ‘பெட்டி’ என்றால் நம் ஆட்களுக்கு ஆர்மோனியம்தான் நினைவுக்கு வரும். சுருட்டுப்பெட்டி கித்தார் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கவலை ‘ஸ்கேல் லெங்த்’ பற்றித்தான், அதாவது கம்பியில் இரு தாங்கிகளுக்கு இடையே அதிரும் பகுதியின் நீளம். அதற்கு ‘அதிர்நீளம்’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கே இந்த மறுமொழி.

போன மாதம் என் அக்காள் மகன், இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 படிக்கிறவன், ஒன்று செய்ய ஆசைப்பட்டான். தோட்டத்து ஊரில் சுருட்டுப்பெட்டிக்கு எங்கே போவது? தீபாவளி முறுக்கு போட்டு வைத்த சதுர பிஸ்கட் டின்னை அக்காளிடம் கெஞ்சி வாங்கினோம். தளவாடப் (மேசை, நாற்காலி) பட்டறையில் கழித்துப் போட்ட பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை, 36 அங்குலம், தண்டிக்கு, அதாவது கருவியின் கழுத்துக்கு, ஆயிற்று. கம்பி ஒரு செட், கம்பி முறுக்கும் சாவிகள், பசை எல்லாம் சேர்த்து 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. மெட்டுகளுக்கு, அதாவது கம்பியை அழுத்தும் இடங்களில் தண்டியின் குறுக்கே வரும் கட்டைகளுக்கு, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி. கட்டையில் ரம்பத்தால் மெல்லிசாகக் கீறி, குச்சியை அளவாக நறுக்கி ஒட்டினான்.

அவன் கையில் இருந்தது யாரோ தமிழாக்கிய ஒரு செய்முறைத் தாள். அதில் முதல் மெட்டின் தூரத்துக்குக் ‘கழுத்து நீளத்தை 17.817-ஆல் வகுக்கவும்’ என்று இருந்தது. பையன் முழுக் கட்டையையும் அளந்தான். 914 மில்லிமீட்டர். முதல் குச்சி 51 மில்லிமீட்டரில் போய் உட்கார்ந்தது. உண்மையில் அளக்க வேண்டியது மேருவிலிருந்து (தண்டியின் தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்குவது) குதிரை (பெட்டியின் மேல் கம்பியைத் தாங்குவது) வரை உள்ள தூரம். எங்கள் கருவியில் அது 635, அதாவது 25 அங்குலம். முதல் மெட்டு 36-க்குச் சற்று முன்னால் வர வேண்டும். கம்பி மாட்டி அழுத்திப் பார்த்தால், அரைச்சுரம் (ஒரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள சுர இடைவெளி) ஏற வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறியது. கணக்கு அத்தனையும் சரியாகப் போட்டிருந்தான், பாவம். குச்சிகளைப் பெயர்த்துவிட்டு, கட்டையைப் புரட்டி மறுபக்கத்தில் மீண்டும் கீறினோம்.

ஒரு தவறான சொல் இரண்டு நாள் வேலையைத் தின்றது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மற்ற உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். வீணை செய்கிறவர்களிடம் தண்டி, மெட்டு, குதிரை, பிரடை (கம்பி முறுக்கும் சாவி), மேரு எல்லாம் இருக்கின்றன. அதே தாளில் ‘நட்’ என்பதைக் ‘கொட்டை’ என்று பெயர்த்திருந்தார்கள். மேரு என்று போட்டிருந்தால் குழப்பமே இல்லை. (நாங்கள் மேருவாக வைத்தது ஒரு பழைய போல்ட்டு, நன்றாகவே நிற்கிறது.)

ஸ்கேல் லெங்த்துக்கு மட்டும் பொருத்தமான சொல் எனக்குத் தென்படவில்லை. ‘அளவுகோல் நீளம்’ சரியில்லை. ஸ்கேல் என்றால் பள்ளியில் வைத்திருக்கும் அடிக்கோல் என்றாகிவிடும். ‘சுருதி நீளம்’ காதுக்கு இனிமைதான், ஆனால் கம்பியைத் தளர்த்தினால் சுருதி மாறும், இந்த நீளம் மாறாது. ஆகவே ‘அதிர்நீளம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கம்பியில் எந்தப் பகுதி அதிர்கிறதோ, அதன் நீளம்.

‘அலைநீளம்’, ‘அதிர்வெண்’ (ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கை) இரண்டோடும் குழம்பும் என்று இழையில் ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார். இங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது, ஐயா. அதற்கு மேல் அறிவியல் தமிழில் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு அதிர்வெண் என்ற சொல்லே புதிது. ஆனால் ‘அதிருது’ எல்லாருக்கும் தெரியும். டின்னில் கை வைத்துப் பார்த்தவனுக்கு அதிர்நீளத்தை விளக்க வேண்டியதில்லை. அதிர்வெண்ணைப் பிறகு படிக்கும்போதும் இது கைகொடுக்கும்: நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 317.5-இல் நிற்பது அதனால்தான்.

இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி. அழுத்தினால் அதிரும் பகுதி குறைகிறதே, அப்போது அதுவும் அதிர்நீளம்தானே? ஆமாம். அதனால் அழுத்தாத கம்பிக்கு ‘முழு அதிர்நீளம்’ என்போம். இப்படிப் பிரித்தால் விதியும் ஒரே வரியில் வந்துவிடுகிறது: ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய அதிர்நீளத்தில் 17.817-இல் ஒரு பங்கைக் கழிக்கிறது. 635-இல் 35.6 போக 599.4, அதில் 33.6 போக அடுத்தது.

கருவி இப்போது பாடுகிறது. கித்தார் செட்டில் ஐந்தாம், நான்காம், மூன்றாம் கம்பிகளைப் போட்டு, ஐந்தாவதை மட்டும் ஜி சுரத்துக்கு இறக்கினோம். ஜி, டி, ஜி. நம் கணக்கில் ச, ப, மேல் ச.

அப்புறம் ஒரு உதவி. கம்பியை அழுத்தும்போது இழுவிசை கூடி சுருதி சற்று ஏறுவதால், குதிரையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்தோம். இந்தச் சிறு தள்ளலுக்கு ‘ஈடுதள்ளல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வீணைக்கு மெழுகில் மெட்டு பதிப்பவர்களுடன் பழகியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வாயில் வழங்கும் சொல்லைச் சொல்லுங்கள்.