அலையாற்றல் வேண்டாம், ஓதவோட்டம் என்போம்

நண்பர்களே,

கடல்நீர் ஏறி இறங்கும்போது உண்டாகும் ஓட்டத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று மதிப்பிடுவதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், 'அலையாற்றல்' என்றே விட்டுவிடலாம் என்று நேற்று இங்கே வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அலை காற்றால் எழுவது, ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், நிலவும் சூரியனும் இழுப்பதால் வருவது. பொறியும் வேறு, கணக்கும் வேறு. ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம்தானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், கடலுக்கும் அது பழைய சொல்தான்.

ஆனால் வெறும் 'ஓத ஆற்றல்' போதாது. பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் முகத்தில் 1966இல் வந்த 240 மெகாவாட் நிலையம் அணை கட்டி, இரு பக்க நீர்மட்ட வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டில் கடல்நீர் புகுந்து திரும்பும் இடுக்கில் 2008இல் நிறுவிய 1.2 மெகாவாட் பொறி அணையே இல்லாமல் ஓடும் நீரில் சுழன்றது. நாம் பேசுவது இரண்டாவது வகை, ஆகவே 'ஓட்டம்' சொல்லுக்குள் வந்தே ஆகவேண்டும்: ஓதவோட்டம். கடல் நீரோட்டத்துக்குக் கடலோடிகள் சொல்லும் 'நீவாடு' எனக்கும் பிடிக்கும், ஆனால் காற்று தள்ளும் நீரோட்டமும் அதில் அடங்கிவிடுகிறதே.

அப்புறம் ஆங்கிலத் தொடரில் வரும் இந்த 'பொட்டென்ஷியல்'. வரைவில் 'ஓத நிலையாற்றல் மதிப்பீடு' என்று இருப்பது தலைகீழ். இயற்பியல் படித்தவர் அதைப் பார்த்ததும் அணைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் நீரைத்தான் நினைப்பார், இங்கே இருப்பதோ இயக்க ஆற்றல். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் கடல்நீரில் ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுக்குச் சுமார் 4 கிலோவாட் இருக்கிறது. வேகம் பாதியானால் அது எட்டில் ஒரு பங்காகி அரை கிலோவாட்டுக்கு வந்துவிடும். சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம் என்பதும், ஓதம் வலுக்கும் அமாவாசை பௌர்ணமி இரண்டும் உள்ளே வருகிற மாதிரி ஒரு மாதமாவது அளக்கச் சொல்வதும் இதனால்தான். பொறிகளை நெருக்கி நட்டால் ஓட்டமே தளர்ந்துவிடும், ஆகவே கண்ணெதிரே ஓடுவதெல்லாம் எடுக்கக்கூடியதும் அல்ல. 'வளம்' என்று வைத்துக்கொண்டால் 'இருக்கும் வளம்', 'எடுக்கத்தக்க வளம்' என்று பிரித்துப் பேச வசதி. என் முன்மொழிவு: 'ஓதவோட்ட ஆற்றல்வள மதிப்பீடு'. கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

இன்னும் இரண்டு சொற்கள். ஆறு கடலில் கலக்கும், ஓதம் ஏறி இறங்கும் வாய்க்கு 'கழிமுகம்' என்றால், அது சிலர் எழுத்தில் டெல்டாவையும் குறிக்கிறது, நான் 'பொங்குமுகம்' பக்கம். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குமுன் நீர் அசையாமல் நிற்குமே, பொறியும் சும்மா நிற்கும் நேரம், அதற்கு 'நின்றநீர்' என்று எழுதி அடித்துவிட்டேன். குட்டை மாதிரி ஒலிக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?