அலமாரி தின்ற போர்ட்டர்கள்

பழைய பொம்மை ரயில் சேகரிப்பவர்களில் நான் எஞ்சின் பக்கம் அதிகம் போகாதவன். ஸ்டேஷன், சிக்னல், விளக்குக் கம்பம், பெட்டி தள்ளும் வண்டி, மணிக்கூண்டு என்று தண்டவாளத்தை விட்டு ஓரமாக நிற்கிற சாமான்கள்மேல்தான் எனக்குப் பைத்தியம். இதில் நான் கெடுத்த சாமான்களின் கதையைச் சொல்கிறேன். காப்பாற்றியதைவிட அதுதான் நீளம்.

பிரிட்டிஷ் பொம்மை ரயில்களான ஹார்ன்பி ரயில்களுக்காக 1930-களின் தொடக்கத்தில் ஈயத்தில் வார்த்த ஸ்டேஷன் ஊழியர்கள் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, டிக்கெட் கலெக்டர், டிரைவர், வெறுங்கையோடு ஒரு போர்ட்டர், பெட்டி தூக்கிய போர்ட்டர் என்று 6 பேர். இதே வரிசைப் பொம்மைகளுக்குத்தான் 1934-ல் டிங்கி டாய்ஸ் என்ற பெயர் வந்தது. இந்த 6 பேரும் ஒன்றாகக் கைக்குக் கிடைத்தபோது இவர்களுக்குத் தகுந்த வீடு வேண்டுமே என்று ஓக் மரத்தில் ஒரு அலமாரி செய்யச் சொன்னேன். கண்ணாடிக் கதவு, தூசி நுழையாத ரப்பர் ஓரம், பூட்டு, சாவி. ராஜ மரியாதை.

எட்டு மாதம் கழித்துத் திறந்தேன். பெட்டி தூக்கிய போர்ட்டரின் காலில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்து விரலால் தேய்த்தேன். மாவு மாதிரி உதிர்ந்தது. கூடவே முழங்காலுக்குக் கீழே இருந்த பெயின்டும் வந்துவிட்டது. உள்ளே ஈயம் சொரசொரவென்று, அரித்த பல் மாதிரி இருந்தது.

விஷயம் அப்புறம்தான் புரிந்தது. ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். காடியில் இருக்கும் அதே அமிலம்தான். அதோடு காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாக மாறும். திறந்த அலமாரியாக இருந்திருந்தால் ஆவி வெளியே போயிருக்கும். நான் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்து, 6 பேரையும் அமிலத்துக்குள் குடிவைத்திருக்கிறேன். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையில் சிலவகை காயும்போது காடி வாசனை அடிக்குமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

அந்தப் பொடி விஷம். ஊதித் தள்ளவோ, காய்ந்த பிரஷ்ஷால் தட்டவோ கூடாது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இந்தப் பொம்மைகளே வேண்டாம். இப்போது என்னுடையவை இரும்புத் தட்டில், காற்றோட்டமான கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. மற்ற 5 பேரும் சின்னக் காயத்தோடு தப்பிவிட்டார்கள்.

இதோடு துத்தநாகக் கலவையில் வார்த்த சாமான்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் நோய் வேறு. வார்க்கும்போதே கலந்துவிட்ட துளி ஈயம் உள்ளிருந்து வேலை செய்யும். பொருள் வீங்கி, விரிசல் விட்டு, ஒருநாள் கையோடு துண்டாக வரும். எந்த அலமாரியும் அதைத் தடுக்காது. வாங்கும்போதே நக விளிம்பால் தடவி மெல்லிய கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வழி.

அடுத்தது தகர ஸ்டேஷன். ஹார்ன்பி ஸ்டேஷன்களில் வெம்பிளி, மார்கேட் என்றெல்லாம் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கும். என்னிடம் இருப்பது மார்கேட். இதில் ஒரு வேடிக்கை: அந்தக் காலத்தில் இவை லிவர்பூலில் தயாரானவை. 1964-ல் கம்பெனி கைமாறிய பிறகு ஹார்ன்பி ரயில்களே மார்கேட்டுக்குக் குடிபோய்விட்டன. பலகையில் பெயர் முதலில் வந்து, ஊர் பிறகு வந்த கதை.

அதன் சுவரில் இருந்த ஒரு விளம்பரப் படம் மங்கலாக இருக்கிறதே என்று ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஒரே இழுப்பு. மேல் வார்னிஷ் கரைந்து, சிவப்பு எழுத்து பஞ்சில் ஏறிக்கொண்டது. தகரத்தின்மேல் லித்தோ அச்சு என்பது மெல்லிய மை, அதற்கு மேல் மெல்லிய வார்னிஷ், அவ்வளவுதான். வெறும் மென்மையான துணியே அதற்குப் போதும். அந்தப் பஞ்சை இன்னும் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஏமாந்ததும் உண்டு. 1920-களின் சரக்கு என்று வந்த ஒரு பிளாட்பாரம். பெயின்ட் அழகாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. திருப்பிப் பார்த்தால் அடியில் கூட்டல்குறித் தலை வைத்த திருகாணி. பிலிப்ஸ் திருகுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1936-ல். சரி, திருகை யாரோ பிறகு மாற்றியிருக்கலாம் என்று தகர மடிப்பு நாக்குகளைப் பார்த்தேன். ஒருமுறை மடித்த நாக்கில் பெயின்ட் ஒரே கோடாகத்தான் வெடிக்கும். இவற்றில் இரண்டு மூன்று கோடு. பிரித்து, பூசி, மறுபடி மூட்டியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பவில்லை. பூசியவர் கை சுத்தமான கை.

கடைசியாக, லயனல் என்ற அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியின் 45-ம் எண் கேட்கீப்பர். 1935-ல் வந்த சாமான். தண்டவாளத்துக்கு அடியில் சுவிட்ச் மாதிரி ஒரு அழுத்தத் தகடு. ரயிலின் எடை விழுந்ததும் குடிசைக் கதவு திறந்து, விளக்கோடு ஆள் வெளியே வருவார். குடிசைக்குப் பொருந்தாத ராட்சத உருவம், இரவில் எங்கே படுப்பாரோ! ஒருநாள் எஞ்சினைச் சரியாக அந்தத் தகட்டின்மேலேயே நிறுத்திவிட்டு போன் பேசப் போய்விட்டேன். மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கொதித்துவிட்டது. திரும்பி வந்தால் கருகிய வார்னிஷ் வாடை, கதவருகே உறைந்து நிற்கும் கேட்கீப்பர். நல்லவேளை, கம்பி அறுந்திருக்கவில்லை.

பிறகு தகட்டின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கினேன். கொஞ்சம் அதிகம் இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. லேசான எஞ்சினுக்கு இப்போது அவர் அசைவதே இல்லை. கனமான கடைசிப் பெட்டி ஏறியதும்தான் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். இதற்குமேல் நான் அதில் கை வைப்பதாக இல்லை.