இரண்டாவது மாரடைப்பு: ஐ21-ஆ, ஐ22-ஆ? நாள்களை எங்கிருந்து எண்ணுவது?

செம்பனைக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவறையில் வேலை செய்கிறேன். நோய்க் குறியீடு போடும் பொறுப்புக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஒரு கோப்பு இரண்டு நாளாக மேசையை விட்டு நகரவில்லை.

நோயாளி, முன்பு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 2025 மார்ச் 3-இல் இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று சேர்த்தார்கள். புதிய மாரடைப்புக்கான ஐ21 வரிசையில் ஐ21.1 போட்டாயிற்று. குணமாகி வீட்டுக்குப் போனவர் மார்ச் 30, நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், மறுபடி வந்தார். இந்த முறை முன்சுவர். நடுவில் 27 நாள் என்பதால், முதல் அடைப்பைத் தொடர்ந்து வரும் அடைப்புக்கான ஐ22 வரிசையில் ஐ22.0 போட்டேன். மேலதிகாரி "ஐ21.0 தானே வரும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். யார் சரி?

வார்டு ஐந்து:
நீங்கள்தான் சரி. 28 நாளுக்குள் இன்னொரு அட்டாக் வந்தால் ஐ22. கூடவே ஐ21-உம் போட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பழைய கோப்பு:
அந்த வீடியோ இந்த நோய்க் குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பைப் பற்றியதாக இருக்கும் தம்பி. இரண்டையும் சேர்த்துப் போடு என்பது அவர்கள் விதி. ஐ22.2, ஐ21.ஏ1 எல்லாம் அவர்கள் சேர்த்துக்கொண்டவை. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இருப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலான ஐசிடி-10. அதில் ஐ22-க்குக் கீழே .0, .1, .8, .9 மட்டும்தான்.

தங்கச்சி, நோயாளியின் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர் போடாமல் கேட்டது நல்லது. ஆனால் அந்த 27 நாளை எங்கிருந்து எண்ணினாய்? வார்டில் சேர்த்த தேதி கணக்கில்லை. முதல் அடைப்பு தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நம் ஆட்கள் வலி வந்ததும் ஓடிவர மாட்டார்கள். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்து, தைலம் தேய்த்து, இரண்டு நாள் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அறையிலேயே படுத்திருப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கிடந்தார். டிஸ்சார்ஜ் தாளை மட்டும் நம்பாதே. அவசரப் பிரிவுத் தாளை எடுத்துப் பார்.

செம்பனைக்காடு:
அக்கா, பார்த்துவிட்டேன். ஓரத்தில் பென்சிலில் "சாகிட் டாடா செஜாக் ஹாரி சப்து" (சனிக்கிழமையிலிருந்து நெஞ்சுவலி) என்று மலாயில் ஒரே வரி. மார்ச் 3 திங்கள்கிழமை. அப்படியானால் வலி சனிக்கிழமை, மார்ச் 1-இலேயே தொடங்கியிருக்கிறது. மார்ச் 30-க்கு 29 நாள்! டிஸ்சார்ஜ் தாளில் 3-ஆம் தேதி என்றுதான் இருக்கிறது. நானே மாற்றிப் போடலாமா?

பழைய கோப்பு:
கூடாது. நெஞ்சுவலி தொடங்கியதும் அடைப்பு தொடங்கியதும் ஒன்றா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த வரியை நகல் எடுத்து, "அடைப்பு தொடங்கிய தேதி எது?" என்று மட்டும் எழுதிக் கேள். எந்தக் குறியீடு வேண்டும் என்று நீயே எடுத்துக் கொடுக்காதே. மார்ச் 1 என்றால் இப்போதையது புதிய அடைப்பு: ஐ21.0, கூடுதலாகப் பழையதற்கு ஐ25.2. மார்ச் 3 என்றால் நீ போட்ட ஐ22.0 நிற்கும். முதல் தடவைக்குப் போட்ட ஐ21.1-ஐ எப்படியும் தொடாதே.

செம்பனைக்காடு:
டாக்டர் மார்ச் 1 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஐ21.0, ஐ25.2 போட்டு அனுப்பிவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா. இதற்கு முன் நான் ஐ22 போட்ட கோப்புகள் மூன்று இருக்கின்றன. அவற்றின் அவசரப் பிரிவுத் தாள்களை இப்போது எடுத்து வைத்திருக்கிறேன்.