ரிசர்ச் ஃபெலோஷிப் எடுத்தால் எஞ்சினியர் வேலை எந்தப் பக்கம் திரும்பும்?

தலவாக்கலை_தம்பி:

பேராதனையில் மின், மின்னணுப் பொறியியல் இறுதி வருடம். ஜி.பி.ஏ. 3.5ஐ ஒட்டி நிற்கிறது. முன்னால் மூன்று வழி இருக்கிறது. கொழும்பில் ஒரு கம்பனி வேலை. பீடத்திலேயே ஒரு ஆய்வுத் திட்டத்தில் ரிசர்ச் அசிஸ்டன்டாகச் சேர்ந்து எம்.ஃபில். (ஆய்வு முதுநிலைப் பட்டம்) பதிவது, இல்லையென்றால் நேரே வெளிநாட்டு பி.எச்.டி. ஃபெலோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகைக்கு) போடுவது. இறுதி வருட புரொஜெக்ட், ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் தொட்டியின் ஃபேனை வி.எஃப்.டி. (மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவி) வைத்து ஓட்டிப் பார்ப்பது.

ஃபெலோஷிப் என்றால் விரிவுரையாளர் ஆகத்தானா? நான்கு வருடம் ஆய்வில் இருந்துவிட்டு கம்பனிப் பக்கம் வந்தால் எடுப்பார்களா? விண்ணப்பக் கட்டணத்துக்கே நிறையச் செலவழிக்க வீட்டில் வசதி இல்லை. அண்ணாமார், அக்காமார் விபரமாகச் சொல்லுங்கள்.

ஹந்தானை_மேடு:

தம்பி, ஃபெலோஷிப்பின் பெயரைப் பார்க்க முதல், காசு யாருடைய பெயரில் வருகிறது என்று பாருங்கள். பிறகு வருகிற பத்து வருடத்தை அதுதான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது.

உங்கள் பெயரிலேயே வருவது ஒரு வகை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், பிரிட்டனின் கொமன்வெல்த், ஜெர்மனியின் டாட் உதவித்தொகைகள், ஹொங்கொங் பி.எச்.டி. ஃபெலோஷிப் எல்லாம் இதில் சேரும். தலைப்பைக் கொஞ்சம் திருப்பலாம், ஒத்துவராத மேற்பார்வையாளரிடமிருந்து விலகவும் ஓரளவு இடம் உண்டு. ஆனால் காசோடு ஆய்வுகூடம் சேர்ந்து வராது. கருவி இல்லாத பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தால் நான்கு வருடமும் சிமியூலேஷனிலேயே போய்விடும்.

மற்றது பேராசிரியரின் திட்டப் பணத்தில் வருவது. அமெரிக்காவின் ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் இப்படித்தான். இங்கே தேசிய விஞ்ஞான மன்றத்தின் மானியத்தில் எடுக்கிற வேலையும் இப்படித்தான். தலைப்பு ஏற்கனவே எழுதி முடிந்தது, அறிக்கைக்கும் தவணை உண்டு. அதற்குப் பதிலாக கருவியும் வேலை தெரிந்த ஆட்களும் கூடவே கிடைப்பார்கள். சிக்கல் எங்கே வருமென்றால், பட்டம் முடிய முன்னமே மானியம் முடிந்துவிடும். இலங்கையில் இது அடிக்கடி நடப்பது. வெளிநாட்டில் ஓடர் பண்ணிய கருவி விலைமனு, கொள்முதல், சுங்கம் எல்லாம் தாண்டி வந்து சேர மாதக்கணக்கில் போகும். சம்பள மாதங்கள் அதற்காக நின்று காத்திருக்காது. ஆகவே பீடத்தில் சேர முதல் நேராகவே கேளுங்கள்: மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம்? கருவி வந்துவிட்டதா? எம்.ஃபில். பதிவுக் கட்டணம் மானியத்திலிருந்து போகிறதா? முன்னிருந்த அசிஸ்டன்ட் இப்போது எங்கே? இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடக்கும் பி.எச்.டி. திட்டமான மேரி கியூரி டொக்டரல் நெட்வேர்க் இந்த இரண்டு வகையிலும் சேராது. அதில் நீங்கள் மாணவர் மட்டுமல்ல, ஒப்பந்தச் சம்பளக்காரர். வழக்கமாக 36 மாதம், அதில் ஒரு பகுதியைப் பங்காளி கம்பனியிலோ வேறு ஆய்வுகூடத்திலோ செய்ய வைப்பார்கள். கம்பனிப் பக்கம் போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு நிபந்தனை: சேருகிற திகதிக்கு முந்திய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அங்கே முதலே மாஸ்டர்ஸ் படிக்கப் போனவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்.

இன்னொன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பி.எச்.டி.க்கு மாஸ்டர்ஸ் கேட்கும். அமெரிக்காவுக்கு நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே போகலாம். எம்.ஃபில். தேவையா இல்லையா என்பது நீங்கள் எந்தத் திசைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பதுளை_பவர்:

கம்பனி எடுக்குமா என்ற கேள்விக்கு: பட்டத்தை வைத்து எடுப்பதில்லை, கை பழகிய வேலையை வைத்துத்தான் எடுப்பார்கள். பவர் எலக்ட்ரோனிக்ஸில் (மின்வலுவை மாற்றிக் கட்டுப்படுத்தும் துறையில்) இரண்டு பி.எச்.டி.காரரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்லாப் என்ற மென்பொருளில் புதிய கொன்ட்ரோல் முறை ஒன்றை ஓட்டி ஐந்து பேப்பர் போட்டவர். மற்றவரிடம் இரண்டு பேப்பர்தான். ஆனால் சிலிக்கன் கார்பைட் மொஸ்ஃபெட் என்ற வேகமான மின்சுவிட்சுக்கு, அதை இயக்கும் கேட் டிரைவர் போர்ட்டைத் தானே வரைந்து, அது சுவிட்சாகும் விதத்தை அளக்கும் டபிள் பல்ஸ் டெஸ்ட் செய்து, டேர்ன் ஓஃப் நேரத்தில் வோல்டேஜ் ஏன் துள்ளுகிறது என்று அலைக்காட்டியில் கண்டுபிடித்து, அதற்குக் காரணமான சுற்றின் லூப் இண்டக்டன்ஸைக் குறைத்தவர். இன்வேர்ட்டர், மின்வாகனக் கம்பனிகள் இரண்டாமவரைத்தான் தேடிப் பிடிக்கும். ஃபெலோஷிப் தெரிவு செய்யும்போது அந்த ஆய்வுகூடத்து மேசையில் என்ன கருவி இருக்கிறது, அங்கே முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பழைய மாணவர் பட்டியல் அவர்களுடைய வெப்சைட்டிலேயே இருக்கும்.

ஒளிக்காமல் சொல்வதென்றால், இலங்கைக்குள் மட்டும் பார்த்தால் பி.எச்.டி.க்கு என்றே சம்பளம் கூட்டித் தருகிற கம்பனிகள் குறைவு. இங்கே திரும்புகிற எண்ணம் இருந்தால் பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம், சொந்தத் தொழில் என்று மூன்றுதான் பெரிய கதவு.

உங்கள் புரொஜெக்ட் நல்ல சரக்கு, அதைச் சும்மா ‘மின்சாரம் மிச்சம்’ என்று எழுதிக் கெடுத்துவிடாதீர்கள். ஃபேனின் வேகத்தை 80% ஆக்கினால், வலு வேகத்தின் மும்மடிப்படி போவதால் கணக்குக்கு 51% ஆகும். எல்லா மாணவரும் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு 49% மிச்சம் என்று எழுதுவார்கள். காற்றுக் குறைந்தால் வாட்ட நேரம் கூடுமே? 14 மணித்தியாலம் 18 ஆனது என்று வையுங்கள். 0.51ஐ 18ஆல் பெருக்கி 14ஆல் வகுத்தால் 0.66. மிச்சம் 34% தான். வி.எஃப்.டி.யும் மோட்டரும் குறைந்த வேகத்தில் தின்கிற இழப்பைக் கழித்தால் அதுவும் குறையும். மழைக்காலத்தில் ஈரக் காற்றில் வாட்டம் இன்னும் இழுபடும், சூடு கொடுக்க வேண்டி வரும்.

ஆகவே அளக்க வேண்டியது கிலோவொட் அல்ல, ஒரு கிலோ தேத்தூளுக்குப் போன யுனிட். தொட்டிக்குத் தனி எனர்ஜி மீட்டர், தொட்டிக்கு உள்ளே போகிற காற்றிலும் கொழுந்துக்கு மேலே வெளியே வருகிற காற்றிலும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரத்தைக் கணக்கிட), கொழுந்தின் நிறை முன்னும் பின்னும். வாடும்போது கொழுந்துப் படை தாழும், காற்றுக்குள்ள தடையும் மாறும். அதனால் ஒரே வேகத்தில் கடைசிவரை ஓட்டுவதா, நேரத்தோடு மாற்றுவதா என்ற கேள்வி பிறக்கிறது. அதுதான் ஆய்வுக் கேள்வி. இதை இரண்டு பக்கத்தில் எழுதினால் டிரைவ் கொன்ட்ரோல் (மோட்டர் கட்டுப்பாடு) பேராசிரியரும் படிப்பார், உணவு உலர்த்தல் பேராசிரியரும் படிப்பார்.

தலவாக்கலை_தம்பி:

நன்றி அண்ணா. 34% கணக்கு எங்கள் ரிப்போர்ட்டில் இல்லை, சேர்க்கிறேன். விண்ணப்பம் எப்போது தொடங்க வேண்டும்? கட்டணம் இல்லாமல் போடக்கூடியது எது?

கொத்மலைக்_கரை:

முதல் காரியம், உங்கள் பெயர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ், பல்கலைக்கழகப் பதிவு, பாஸ்போட் என்று ஐந்திலும் பெயரும், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அதன் எழுத்துக்கூட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்து வைத்துப் பாருங்கள். தோட்டப் பகுதிகளில் பிறப்புப் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டு, அப்பா பெயர் ஒரு மாதிரி, பிள்ளை பெயர் ஒரு மாதிரி வந்திருப்பது நிறைய. ஃபெலோஷிப் கிடைத்த பிறகு விசா நேரத்தில் இது வெளிவந்தால் திருத்த நேரம் போதாது. திருத்தம் பிரதேச செயலகத்தில் தொடங்கும். அதுவரைக்கும் இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். சில இடம் அதை ஏற்கும், சில இடம் ஏற்காது. அதனால் திருத்துவதுதான் சரி.

காலம்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் மூடும். ஹொங்கொங்கும் டிசம்பர் தொடக்கம். மெக்ஸ்ட் தூதரக வழி ஏப்ரல், மே அளவில் அழைப்பார்கள். எழுத்துப் பரீட்சை, நேர்முகம் முடிந்த பிறகு ஜப்பானியப் பேராசிரியரிடம் ஏற்புக் கடிதம் நீங்களே வாங்க வேண்டும். பல்கலைக்கழக வழி வேறு, அங்கே பேராசிரியரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். உதவித்தொகை மாதம் 143,000 முதல் 145,000 யென் அளவு, படிப்புக் கட்டணமும் விமான டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மேரி கியூரிக்கும் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். சில இடம் கேட்டால் விட்டுக்கொடுக்கும், கேட்டு மெயில் போடுங்கள்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் முடிவு 2 வருடம்தான் செல்லும், மேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சையினது 5 வருடம். முந்திக்கொண்டு எழுதிக் காசைக் கரைக்க வேண்டாம். ஆங்கில வழியில் படித்ததாகப் பீடம் தருகிற கடிதமே போதும் என்கிற இடங்களும் உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.

பேராசிரியருக்கு மெயில்: இருநூறு சொல்லுக்குள். அவருடைய ஒரு பேப்பரை உண்மையாகவே வாசித்து, அதில் எந்த இடத்தை உங்கள் வேலை தொடுகிறது என்று இரண்டு வரி. உங்கள் அளவீட்டு வரைபடம் ஒன்று, இரண்டு பக்க சி.வி., மார்க்ஸ் ஷீட். ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே’ என்று ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் பத்து நாளில் ஒருதரம் ஞாபகப்படுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சிபார்சுக் கடிதம் கேட்கும்போது விரிவுரையாளருக்கு ஆறு கிழமையாவது கொடுங்கள். புரொஜெக்டில் நீங்கள் செய்த பகுதி எது என்று அரைப் பக்கம் எழுதிக் கையில் கொடுத்தால் கடிதத்தில் உயிர் இருக்கும். இல்லாவிட்டால் ‘ஒழுங்கான மாணவர்’ என்று நான்கு வரியோடு போய்விடும்.

ஹட்டன்_சைட்:

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து. வீட்டில் நெருக்கடி என்றால் முதலில் கொழும்பு வேலைக்குப் போங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு வருட அனுபவம் விண்ணப்பத்தை உயர்த்தும், தாழ்த்தாது. மெக்ஸ்ட்டுக்கு 35 வயதுக்குள் என்பது விதி. டாட் பொதுவாகக் கடைசிப் பட்டம் எடுத்து 6 வருடத்துக்குள் இருக்கச் சொல்லும். இரண்டுக்கும் உங்களுக்கு இடமிருக்கிறது. கவனிக்க வேண்டியது வேலையின் தன்மை. வெப்சைட் வேலை செய்துகொண்டிருந்துவிட்டு டிரைவ் கொன்ட்ரோலுக்குப் போட்டால் இடையில் இருந்த காலத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். எம்பெடட் வேலை (கருவிக்குள் இருக்கும் சிப்பை நிரல்படுத்துவது) கிடைத்தால் அதே தொடர்ச்சி.

விரிவுரையாளர் வழி பற்றியும் ஒரு வார்த்தை. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து சம்பளத்தோடு லீவில் படிக்கப் போனால் பிணை ஒப்பந்தம் வரும், பிணைக்கு ஆட்களும் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பாவிட்டால் காசு கேட்டு வருவது அவர்களிடம். சொந்தக்காரர் ஒருவரைக் கையெழுத்துக்குக் கேட்க முதல் ஒப்பந்தத்தை முழுக்க வாசியுங்கள். கொமன்வெல்த்திலும் படிப்பு முடிந்து நாடு திரும்புவதாக உறுதி கொடுக்க வேண்டும்.

சார்ட்டர்ட் எஞ்சினியர் (பட்டயம் பெற்ற பொறியியலாளர்) ஆகும் யோசனை இருந்தால் இன்னொன்று. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இலங்கை முழு உறுப்பு என்பதால், ஐ.ஈ.எஸ்.எல். (இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம்) அங்கீகரித்த பட்டத்துக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. ஆனால் ஆய்வுக் காலத்தில் பேப்பர் எழுதியதை வைத்து மட்டும் நேர்முகத்தில் நிற்க முடியாது. நீங்களே பொறுப்பேற்று வடிவமைத்தது, பாதுகாப்புத் தீர்மானம் எடுத்தது, செலவுக் கணக்குப் போட்டது என்று காட்ட வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு 400 வோல்ட் டெஸ்ட் பெஞ்ச் கட்டினாலும் பிரேக்கர் அளவு ஏன் அது, எர்த் எப்படிப் போட்டது, யார் சரிபார்த்தது என்று திகதியோடு எழுதி, மேற்பார்வையாளரிடம் மாதத்துக்கு ஒருதரம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஸ்டோரில் செய்த வி.எஃப்.டி. வேலையையும் அதில் முதல் பக்கமாகப் போடலாம். தொழிற்சாலை அதிகாரி கையெழுத்தை புரொஜெக்ட் முடிய முன்னம் வாங்கிவிடுங்கள். ஆள் வேறு தோட்டத்துக்கு மாறிப்போனால் பிறகு தேடிப் பிடிக்க ஏலாது.